சீட்டாட்டத்தில் தற்செயலும் கணக்கும்

கொச்சி நகரின் தேவரா, மட்டாஞ்சேரி முதலிய பகுதிகளிலும் கேரளத்தின் பிற ஊர்களிலும் "இருபத்தெட்டு" என்னும் சீட்டாட்டம் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. நால்வர் இரு கட்சியாகப் பிரிந்து, எதிரெதிரே அமர்ந்தோர் பங்காளிகளாக ஆடும் ஆட்டம் இது. ஏழு முதல் ஆஸ் வரையுள்ள 32 சீட்டுகளே இதற்குப் பயன்படும். கேரளத்தில் குலான் எனப்படும் ஜாக்கியே இனத்தில் தலைமைச் சீட்டு. அதன் மதிப்பு 3. அதற்கடுத்த ஒன்பதுக்கு 2. ஆஸுக்கும் பத்துக்கும் தலைக்கு 1. ராஜா, ராணி, எட்டு, ஏழு ஆகியவற்றுக்கு மதிப்பில்லை. இனத்துக்கு 7 ஆக, நான்கு இனங்களுக்கும் 28 வருவதால் ஆட்டத்துக்கு அப்பெயர் அமைந்தது. இரு கட்டுகளைச் சேர்த்துப் பெரும்பாலும் அறுவர் ஆடும் "ஐம்பத்தாறு" இதன் விரிவாகும். இலங்கைத் தமிழரிடையே வழங்கும் "முந்நூற்று நான்கு" இவற்றுக்கு உறவான ஆட்டமே.

ராஜாவுக்கு மேல் ஜாக்கி அமர்வது முதற்பார்வைக்கு விந்தையாகத் தோன்றலாம். நெதர்லாந்தில் தோன்றியதாகக் கருதப்படும் யாஸ் என்னும் ஆட்ட வகையில், துருப்பு இனத்தில் ஜாக்கியும் ஒன்பதும் இவ்வாறே முதலிரண்டு இடங்களைப் பெறுகின்றன. கொச்சி 1663 முதல் 1795 வரை டச்சுக்காரர் ஆதிக்கத்தில் இருந்தது என்பதையும், நாம் சீட்டில் வழங்கும் "கிளாவர்" என்ற சொல் டச்சு மொழியில் மூவிலைச் செடியொன்றின் பெயர் என்பதையும் இத்துடன் சேர்த்து நோக்குதல் சுவையானது. டச்சுக்காரர் கொச்சியைக் கைப்பற்றிய அதே 1663ஆம் ஆண்டில்தான், இத்தாலிய மருத்துவரும் கணித அறிஞருமான கார்டானோ சூதாட்டக் கணக்கைப் பற்றி எழுதி வைத்திருந்த நூல், அவர் காலமாகி 87 ஆண்டுகளுக்குப் பின்னர் அச்சேறியது. நிகழ்தகவு என்னும் கணிதப் பிரிவு இத்தகைய ஆடுகளத்திலேதான் பிறந்தது.

இருபத்தெட்டு ஆட்டத்தில் அனைவரையும் சோதிக்கும் கட்டம் ஒன்று உண்டு. முதலில் ஒவ்வொருவருக்கும் நான்கு சீட்டுகளே வழங்கப்படும். அந்நான்கை மட்டும் பார்த்துவிட்டு, தம் கட்சி எத்தனை மதிப்பெண் எடுக்கும் என்று கேள்வி கூற வேண்டும். கேள்வியில் உயர்ந்தவர் துருப்பு இனத்தைத் தேர்ந்து, அதற்குரிய சீட்டு ஒன்றைக் கவிழ்த்து வைப்பார். எஞ்சிய நான்கு சீட்டுகள் அதன் பின்னரே வந்து சேரும். அஃதாவது, பாதியை மட்டும் அறிந்த நிலையில் முழுமைக்கும் பொறுப்பேற்க வேண்டும்.

ஒருவர் கையில் ஆர்ட்டின் இனத்தில் ஒன்பது, ஆஸ், பத்து ஆகிய மூன்றும், வேறு இனத்தில் ஓர் எளிய சீட்டும் உள்ளன எனக் கொள்வோம். ஆர்ட்டின் ஜாக்கி மட்டும் கிடைத்துவிட்டால் அவ்வினம் முழுவதும் அவர் வசமாகும். அது தம் கட்சிக்கு வருவதற்கு உள்ள வாய்ப்பு என்ன? "எதிரி அல்லது நாம், ஆகவே பாதிக்குப் பாதி" என்று பலர் உடனே விடையளிப்பர். அது சரியன்று. அவர் காணாத சீட்டுகள் 28. அவற்றுள் 4 அவருக்கே வரவிருப்பவை. 8 பங்காளிக்கு உரியவை. 16 எதிர்க்கட்சியினருக்கு உரியவை. எனவே ஜாக்கி தம் கட்சிக்கு வரும் வாய்ப்பு 28-க்கு 12, அல்லது 7-க்கு 3. பாதியை விட இது குறைவு. பங்காளி முன்னரே கேள்வியை உயர்த்தியிருந்தால், அவரிடம் ஏதோ வலிமை உள்ளது என்ற செய்தியும் கிடைத்துவிடுவதால், கணக்கு மீண்டும் மாறும். காணாத சீட்டுகளை எண்ணுதல், பிறர் நடத்தையிலிருந்து செய்தி பெறுதல் ஆகிய இவ்விரண்டும் அறிந்தவருக்குப் போக்கர் ஆட்டத்தின் அடிப்படை பாதி விளங்கிவிட்டதென்றே கூறலாம்.

இக்கணக்கை இங்கு விளக்குவதற்குக் காரணம் உண்டு. கைப்பேசி வழியாகப் பணம் வைத்து ஆடும் ரம்மியும் போக்கரும் கடந்த சில ஆண்டுகளில் சிற்றூர்கள் வரை பரவின. கடன்பட்டுக் குடும்பங்கள் நலிந்தன. தமிழ்நாட்டில் உயிரை மாய்த்துக்கொண்டோரும் உண்டு. "இது திறமைக்குரிய ஆட்டம், சூதன்று" என்ற விளம்பரமே பலரை ஈர்த்தது. அக்கூற்றில் உண்மை எவ்வளவு, மறைக்கப்பட்டது எது என்பதைக் கணக்கைக் கொண்டே காட்ட இயலும்.

போக்கரின் அமைப்பு

போக்கரில் பல வகைகள் உள. இன்று பெரிதும் ஆடப்படுவது டெக்சஸ் ஹோல்டம் எனப்படும் வகை. 52 சீட்டுகளும் இதில் பயன்படும். ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாகத் தரப்படும். பின்னர் அனைவருக்கும் பொதுவாக ஐந்து சீட்டுகள், முதலில் மூன்று, அடுத்து ஒன்று, இறுதியில் ஒன்று என்ற முறையில், நடுவில் திறந்து வைக்கப்படும். இந்த ஏழு சீட்டுகளிலிருந்து சிறந்த ஐந்தைச் சேர்த்துக் கொள்ள வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டப்பட்டு நடுக்குவியலில் சேரும். ஒருவர் பந்தயத்தை ஏற்றினால், மற்றவர் அதற்கு ஈடு கொடுக்கலாம், மேலும் ஏற்றலாம், அல்லது சீட்டைக் கீழே வைத்து ஒதுங்கலாம். ஒதுங்கியவர் அதுவரை இட்டதை இழப்பார். அனைவரும் ஒதுங்கி ஒருவரே எஞ்சினால், அவர் தம் சீட்டைக் காட்டாமலே குவியலைப் பெறுவார்.

சேர்க்கைகளின் உயர்வு தாழ்வு எவரும் மனம்போனபடி வகுத்ததன்று, எண்ணிக்கையைப் பின்பற்றியது. 52 சீட்டுகளிலிருந்து ஐந்தை 25,98,960 வகைகளில் தேர்ந்தெடுக்கலாம். அவற்றுள் எவ்வகைச் சேர்க்கையும் அமையாதவை 13,02,540. ஒரு ஜோடி மட்டும் அமைந்தவை 10,98,240. இரு ஜோடி 1,23,552. ஒரே எண்ணில் மூன்று 54,912. வரிசை 10,200. ஐந்தும் ஒரே இனமானவை 5,108. மூன்றும் ஜோடியும் சேர்ந்தவை 3,744. ஒரே எண்ணில் நான்கு 624. ஒரே இனத்தில் வரிசையாக அமைந்தவை 40 மட்டுமே. அரியது உயர்ந்தது என்பதே விதி.

வட இந்தியாவில் பெரிதும் ஆடப்படும் தீன் பத்தி என்ற மூன்று சீட்டு ஆட்டத்தில், ஓரினச் சேர்க்கையை விட வரிசை உயர்ந்தது. போக்கரிலோ வரிசையை விட ஓரினம் உயர்ந்தது. இம்முரண்பாடு புதியவரைக் குழப்பும். மூன்று சீட்டுகளை 22,100 வகைகளில் எடுக்கலாம். அவற்றுள் ஓரினமானவை 1,096, வரிசையானவை 720. எண்ணிப் பார்த்தவர்களே இவ்விதியை அமைத்தனர் என்பது இதனால் விளங்கும். உயர் வகுப்பு மாணவர்க்குச் சேர்மானக் கணக்குக் கற்பிக்கும் ஆசிரியர் இவ்விரு எண்களையும் வருவிக்கச் செய்தால், ஒரு பாட வேளை நற்பயனாகக் கழியும்.

ஆடுவோர் பின்பற்றும் முறைகள்

முதன்மையான முறை, பெரும்பாலான ஆட்டங்களில் தொடக்கத்திலேயே ஒதுங்குதல். இது எளிதென்று தோன்றினும் புதியவர்க்கு மிகவும் கடினமானது. ஆட வந்தவர் ஆடாமல் அமர்ந்திருக்க விரும்பார். முதல் இரு சீட்டுகள் அமையும் வகைகள் 1,326. அவற்றுள் ஜோடிகள் 78; அஃதாவது 17 ஆட்டத்துக்கு ஒரு முறையே ஜோடி வரும். இரண்டும் ஆஸாக வருவது 221-க்கு ஒரு முறை. இரு சீட்டுகளும் ஒரே இனமாக இருந்தால் உடனே பந்தயம் கட்டுவோர் பலர். நடுவில் முதலில் திறக்கும் மூன்று சீட்டுகளும் அதே இனமாக வந்து சேர்க்கை உடனே நிறைவுறுவது ஏறத்தாழ 119-க்கு ஒரு முறையே என்பதை அவர்கள் அறியார்.

அடுத்தது, முறையில் பின்னால் பேசுபவருக்குள்ள வசதி. முன்னால் உள்ளோர் ஏற்றினரா ஒதுங்கினரா என்பதைக் கண்ட பின்னர் அவர் முடிவு செய்கிறார். ஆகவே எளிய சீட்டுகளைக் கொண்டு முன்னிடத்திலிருந்து ஆடுவது தவறாகவும், அதே சீட்டுகளைக் கொண்டு இறுதியிடத்திலிருந்து ஆடுவது ஏற்றதாகவும் இருக்கக்கூடும். இருபத்தெட்டில் பங்காளியின் கேள்வியைக் கேட்ட பின் தம் கேள்வியைக் கூறுபவருக்குள்ள வசதி போன்றதே இது.

ஆட்டத்தின் இதயமாக உள்ளது விலையும் வாய்ப்பும் ஒப்பிடும் கணக்கு. பொதுச் சீட்டுகளில் நான்கு திறந்துவிட்டன. ஒருவர்க்கு ஓரினச் சேர்க்கைக்கு இன்னும் ஒரு சீட்டே வேண்டும் எனக் கொள்வோம். அவர் காணாத சீட்டுகள் 46. அவ்வினத்தில் எஞ்சியவை 9. கிடைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 20. குவியலில் 80 புளியங்கொட்டைகள் உள்ளன. எதிரி 20 இடுகிறார். குவியல் 100 ஆகிறது. ஈடு கொடுக்க 20 வேண்டும். 46 முறை இவ்வாறு ஆடினால், 9 முறை 100 வீதம் 900 கிடைக்கும். 37 முறை 20 வீதம் 740 போகும். ஈடு கொடுப்பது இலாபம். எதிரி 20-க்குப் பதில் 80 இட்டிருந்தால் குவியல் 160. ஈடு கொடுக்க 80. 9 முறை 160 வீதம் 1,440 வரும். 37 முறை 80 வீதம் 2,960 போகும். அதே சீட்டு, அதே வாய்ப்பு; ஆயினும் இப்போது ஒதுங்குதலே தக்கது. "இந்தச் சீட்டு வருமா?" என்று கேட்பவர் புதியவர். "வருவதற்கு இவ்விலை தகுமா?" என்று கேட்பவர் பழகியவர்.

இதனோடு பிணைந்தது ஒரு பிழை. "இவ்வளவு போட்டுவிட்டேன், இனி எப்படி விடுவது?" என்று எண்ணி மேலும் இடுவது அது. குவியலில் விழுந்தது இட்டவருடையதன்று. இனி இட வேண்டியதையும் இனி வரக்கூடியதையும் மட்டுமே ஒப்பிட வேண்டும். களப்பணியாளர்கள் இதே பிழையை வயல்களிலும் கண்டிருப்பர். பூச்சியால் பெரும்பகுதி அழிந்த பயிருக்கு, முன்னர்ச் செய்த செலவை நினைத்து மேலும் இருமுறை மருந்து தெளிக்கும் விவசாயி, வரக்கூடிய விளைச்சலின் விலை அம்மருந்துக்கேனும் ஈடாகுமா என்று கணக்கிடுவதில்லை. போன செலவு இரு வழியிலும் போனதே.

பாசாங்கு பற்றியும் கூற வேண்டும். எளிய சீட்டை வைத்துக்கொண்டு வலிய சீட்டு உள்ளவர்போல் பந்தயத்தை ஏற்றி எதிரியை ஒதுங்கச் செய்வது பாசாங்கு. திரைப்படங்களில் இது நெஞ்சுரத்தின் வெளிப்பாடாகக் காட்டப்படும். உண்மையில் இதுவும் கணக்கே. குவியலில் 100 இருக்கையில் ஒருவர் 50 இட்டுப் பாசாங்கு செய்தால், எதிரி மூன்றில் ஒரு முறைக்கு மேல் ஒதுங்கினாலன்றி அது பயன் தராது. ஒருபோதும் ஒதுங்காத எதிரியிடம் பாசாங்கு செய்வது கொட்டையைத் தானம் செய்வதாகும். ஒருபோதும் பாசாங்கு செய்யாதவரும் இழப்பார். அவர் ஏற்றியவுடன் எல்லாரும் ஒதுங்கிவிடுவர், நல்ல சீட்டு வந்தும் பயனிராது. எவ்வளவு பாசாங்கு செய்தால் எதிரியால் பயன்கொள்ள முடியாது என்ற வினாவை ஜான் வான் நாய்மன் கணிதமாக்கினார். அவரும் பொருளியல் அறிஞர் மார்கன்ஸ்டெர்னும் எழுதி 1944இல் வெளியிட்ட நூலில் போக்கருக்கென்றே ஒரு பகுதி உண்டு. தேவராவில் திரு இருதயக் கல்லூரி தொடங்கப்பெற்றதும் அதே ஆண்டிலாகும். அன்று தோன்றிய ஆட்டக் கோட்பாடு பின்னர்ப் பொருளியலிலும் உயிரியலிலும் இடம் பெற்றது.

திறமை எப்போது தெரியும்?

போக்கரில் திறமைக்கு இடமுண்டு என்பதில் ஐயமில்லை. அத்திறமை வெளிப்பட எவ்வளவு காலம் வேண்டும் என்பதே கேள்வி. ஒருவர் ஒரு நாணயத்தை 100 முறை சுண்டுகிறார் எனக் கொள்வோம். இவ்வாறே நூறு பேர் சுண்டினால், அவர்களில் இருவர் அல்லது மூவருக்கு 60 அல்லது அதற்கு மேற்பட்ட முறை தலை விழும். நாணயம் சுண்டுவதில் தாம் தேர்ந்தவர் என்று அவர்கள் கருத மாட்டார்கள். ஆனால் சீட்டில் ஒரு வாரம் தொடர்ந்து வென்றவர் அவ்வாறே கருதுகிறார். 2017ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தார் அமைத்த லிப்ராட்டஸ் என்ற கணிப்பொறி நிரல், தலைசிறந்த போக்கர் ஆட்டக்காரர் நால்வரை எதிர்த்து ஆடி வென்றது. தற்செயலால் விளைந்த வெற்றி இது என்று எவரும் கூறாதிருக்க, 1,20,000 ஆட்டங்கள் ஆடப்பட்டன. மாலை வேளையில் கைப்பேசியை எடுத்து நூறு ஆட்டம் ஆடுபவர் தம் திறமையை அளந்துவிட்டதாக நினைப்பது எத்துணைப் பேதைமை என்பது இதனால் புலப்படும்.

இதற்கும் மேலாக, விளம்பரங்கள் பேசாத ஒன்று உண்டு. ஆட்டத்தை நடத்துபவர் ஒவ்வொரு குவியலிலிருந்தும் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறார். எண்மர் தலைக்கு 500 கொட்டைகளுடன் அமர்ந்து, சம திறமையுடன் ஆடுகின்றனர் எனக் கொள்வோம். குவியல் சராசரி 100. நடத்துபவர் எடுப்பது 5. நிமிடத்துக்கு ஓர் ஆட்டமாக 400 ஆட்டங்கள் நடந்தால், ஏழு மணி நேரத்துக்குள் அவர் பெட்டியில் 2,000 கொட்டைகள் சேர்ந்துவிடும். எண்மரிடமும் இருந்த மொத்தத்தில் அது பாதி. ஒருவர் இழக்காமல் எழ வேண்டுமெனின், பிறரை விடச் சற்றுத் தேர்ந்தவராக இருந்தால் போதாது. தம் பங்குக்குப் பெட்டியில் விழுந்த 250 கொட்டைகளையும் பிறரிடமிருந்து பெறும் அளவுக்குத் தேர்ந்தவராக இருக்க வேண்டும். ஆட்டம் திறமைக்குரியது என்ற கூற்று மெய்யாக இருக்கும்போதே, ஆடுவோரில் மிகப் பெரும்பாலோர் இழப்பதும் மெய்யாக இருப்பது இவ்வாறுதான்.

சட்டத்தின் நோக்கு

ஆந்திரப் பிரதேச அரசுக்கும் சத்யநாராயணா என்பவர்க்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்து, 1968ஆம் ஆண்டுத் தீர்ப்புத் திரட்டுகளில் வெளியான தீர்ப்பு, ரம்மி பெரும்பாலும் திறமைக்குரிய ஆட்டம் என்று கூறியது. விழுந்த சீட்டுகளை நினைவில் வைத்தலும், எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று தேர்தலும் திறமை என்பது அதன் கருத்து. இத்தீர்ப்பைப் பலரும் எடுத்துக்காட்டுவர். பணம் வைத்து ஆடும் ஆட்டத்திலிருந்து மனையின் அல்லது மன்றத்தின் உரிமையாளர் இலாபம் பெறுகிறார் எனச் சான்று இருப்பின் குற்றம் நிலைநாட்டப்படலாம் என்று அதே தீர்ப்பு சுட்டியதை எடுத்துக்காட்டுவோர் சிலரே. மேற்கண்ட பெட்டியை நீதிமன்றம் அன்றே கவனித்திருந்தது.

போக்கரைப் பொறுத்தவரை கருத்துகள் வேறுபட்டே வந்துள்ளன. மேற்கு வங்காளத்தின் 1957ஆம் ஆண்டுச் சட்டம் அதனைச் சூதின் வரையறையிலிருந்து நீக்கியது. குஜராத் உயர் நீதிமன்றம் 2017இல் அதனைச் சூது என்றது. கேரள அரசு 2021 பிப்ரவரியில் பணம் வைத்து ஆடும் இணைய ரம்மியைத் தடை செய்து அறிவிக்கை வெளியிட்டது. தேவராவுக்கு அண்மையில் எறணாகுளத்தில் உள்ள கேரள உயர் நீதிமன்றம் அதே ஆண்டு செப்டம்பரில் அதனைச் செல்லாதென்றது. தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் தற்செயல் ஆட்டங்களாகப் பட்டியலிட்டது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவை திறமை ஆட்டங்கள் எனக் கொண்டு, அப்பட்டியல் செல்லாதென்றது. பின்னர் 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் இயற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், திறமையா தற்செயலா என்ற வழக்கையே ஒதுக்கி வைத்து, பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை நடத்துவதையும் விளம்பரம் செய்வதையும் தடுக்க வகை செய்தது.

வகுப்பில் செய்து காட்ட

பள்ளிக்குள் சீட்டுக்கட்டு நுழைவதை விரும்பாத ஆசிரியர், நாணயமும் புளியங்கொட்டையும் கொண்டே இக்கணக்கைக் காட்டலாம். இருபது மாணவரைப் பத்து ஜோடிகளாக அமர்த்தி, தலைக்கு 100 கொட்டைகள் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் இருவரும் ஐந்து ஐந்தாக இட்டு நாணயத்தைச் சுண்டுவர். வென்றவர் 9 எடுத்துக்கொள்ள, 1 ஜோடியின் நடுவிலுள்ள பெட்டியில் விழும். இவ்வாறு 60 முறை. முடிவில் ஒவ்வொரு பெட்டியிலும் 60 கொட்டைகள் இருக்கும். எவரேனும் இடையிலேயே கை வறண்டால், அந்த ஜோடியின் ஆட்டம் அத்துடன் முடியும். அதையும் குறித்துக்கொள்ள வேண்டும். 100-க்கு மேல் கொட்டை வைத்திருக்க ஒருவர் 60-இல் 34 முறையேனும் வென்றிருத்தல் வேண்டும். ஆதலால் இருபது பேரில் பெரும்பாலும் மூவரோ நால்வரோதான் அந்நிலையில் இருப்பர். நாணயம் சுண்டுவதில் எவருக்கும் திறமை இல்லை என்பதை அனைவரும் அறிவர். ஆயினும் வென்ற அந்த மூன்று நான்கு மாணவரை எழுப்பி, எவ்வாறு வென்றனர் என்று கேட்டால், அவர்களில் ஒருவரேனும் தாம் கையாண்ட முறை ஒன்றை விளக்கத் தொடங்குவார். மற்ற மாணவர் அதனைக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் வேளையில், பத்துப் பெட்டிகளையும் திறந்து கொட்டைகளை மேசைமேல் கொட்டி எண்ணச் செய்யலாம்.